பெரிய நிறுவனங்களில் டிஜிட்டல் மாற்றமும் தொழில்நுட்பத் தலைமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'டிஜிட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்' என்று ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டதும் ஊழியர்கள், மேலாளர்கள், சில நேரம் போர்டு உறுப்பினர்கள்கூடக் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்கள் கீழே. மென்பொருள் விற்கும் வெண்டர்களின் விளக்கப் படங்களில் எளிதாகக் கிடைப்பவற்றைச் சுருக்கமாகவும், அங்கே கிடைக்காதவற்றைக் கொஞ்சம் விரிவாகவும் எழுதியிருக்கிறேன்.

டிஜிட்டல் மாற்றம் என்பது கணினிமயமாக்கலுக்கு இன்னொரு பெயர்தானே?

இல்லை. காகிதப் படிவத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவருவது கணினிமயமாக்கல். அந்தப் படிவத்துக்கு ஏன் ஆறு பேர் ஒப்புதல் தர வேண்டும் என்று கேட்டு, நான்கு ஒப்புதல்களை எடுத்துவிட்டு, மீதியில் ஒன்றை மென்பொருளே சரிபார்க்கும் விதியாக எழுதிவிட்டால், அதை மாற்றம் எனலாம்.

பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ 1987-ல், கணினி யுகம் எங்கு பார்த்தாலும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரங்களில் மட்டும் காணோம் என்று எழுதினார். இதற்கு விளக்கம் தேடிய பொருளாதார வரலாற்று ஆய்வாளர் பால் டேவிட், 1990-ல் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் வந்த கதையை எடுத்துக் காட்டினார். நீராவிக் காலத்துத் தொழிற்சாலையில் ஒரே ஒரு பெரிய எஞ்சின் இருக்கும். அதிலிருந்து கூரையோரம் ஓடும் இரும்புத் தண்டுகளும் பெல்ட்டுகளும்தான் எல்லா இயந்திரங்களையும் சுழற்றும். மின்சாரம் வந்ததும் பல முதலாளிகள் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். தண்டும் பெல்ட்டும் அப்படியே இருந்தன, பலனும் கொஞ்சம்தான். இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று வைத்து, வேலை நகரும் வரிசைப்படி இயந்திரங்களை இடம் மாற்றி, கட்டடத்தையே வேறு மாதிரி கட்டிய பிறகுதான் உற்பத்தி பெருகியது. எடிசனின் மின் நிலையம் நியூயார்க்கில் இயங்கத் தொடங்கியது 1882-ல். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பலன் கணக்கில் தெரிய 1920கள் வரை ஆனது.

பெரிய நிறுவனங்களில் 'மாற்றம்' என்ற பெயரில் நடக்கும் பல திட்டங்கள் இன்னும் எஞ்சின் இருந்த இடத்தில் மோட்டார் வைக்கும் கட்டத்தில்தான் இருக்கின்றன. கிளவுடுக்கு (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளுக்கு) போயிருப்பார்கள், செயலி வந்திருக்கும். ஆனால் யார் முடிவெடுக்கிறார்கள், எத்தனை மேசைகளைக் கடந்து ஒரு வேலை முடிகிறது என்பதில் எதுவும் மாறியிருக்காது. அதனால் யாராவது 'எங்கள் டிஜிட்டல் திட்டம் வெற்றி' என்று சொன்னால் நான் முதலில் கேட்பது, அதனால் எதை நிறுத்தினீர்கள் என்பதைத்தான்.

சி.ஐ.ஓ. (தலைமைத் தகவல் அதிகாரி), தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி, தலைமை டிஜிட்டல் அதிகாரி... இத்தனை பேர் எதற்கு?

பொதுவாகச் சொன்னால், நிறுவனம் உள்ளே பயன்படுத்தும் சிஸ்டங்களுக்கு சி.ஐ.ஓ. பொறுப்பு. வாடிக்கையாளருக்கு விற்கும் தொழில்நுட்பத்துக்குத் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி பொறுப்பு. டிஜிட்டல் அதிகாரி என்ற பதவி இந்த இரண்டுக்கும் நடுவே, பெரும்பாலும் பட்ஜெட் குறைவாகவும் எதிர்பார்ப்பு அதிகமாகவும் உருவாக்கப்படுவது. மூன்று பதவிகளும் இருப்பதில் தவறில்லை. ஒரு சிஸ்டம் இரவு இரண்டு மணிக்கு விழுந்தால் யாருக்குப் போன் போக வேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே பதில் இருந்தால் போதும்.

தொழில்நுட்பத் தலைவர் யாருக்குக் கீழே வேலை செய்ய வேண்டும்? அது அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான். அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் 2017-ல் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. நுழைவாயிலாக இருந்தது அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை. அதை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. திருடர்கள் நுழைந்தது மே மாதத்தில், நிறுவனம் கண்டுபிடித்தது ஜூலை இறுதியில். அடுத்த ஆண்டு வெளியான அமெரிக்க நாடாளுமன்றக் குழு அறிக்கை ஒரு விஷயத்தைத் தனியாகச் சுட்டிக்காட்டியது: அங்கே பாதுகாப்புத் தலைவர் சி.ஐ.ஓ.வுக்குக் கீழே இல்லை, சட்டத் துறைத் தலைவருக்குக் கீழே இருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் அப்போதைய சி.ஐ.ஓ.வுக்கும் பாதுகாப்புத் தலைவருக்கும் ஒத்துப்போகாததால் செய்த ஏற்பாடு அது. அந்த நபர்கள் மாறிய பிறகும் ஏற்பாடு மட்டும் தங்கிவிட்டது. ஓட்டையைப் பற்றி எச்சரிப்பவர் ஒரு துறையில், அதை அடைக்க வேண்டியவர் இன்னொரு துறையில்.

சி.ஐ.ஓ. நிதித் தலைவருக்குக் கீழே இருந்தால் தொழில்நுட்பம் செலவுக் கணக்காகவே பார்க்கப்படும். சி.இ.ஓ.வுக்குக் கீழே இருந்தால் வியாபாரப் பேச்சில் அவருக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும். இது பொதுவிதி, விலக்குகள் உண்டு. எந்தத் துறையின் கீழ் இருந்தாலும், போர்டுக்குக் கெட்ட செய்தியை இடையில் யாரும் இனிப்புத் தடவாமல் நேராகச் சொல்லும் வழி அவருக்கு இருக்க வேண்டும்.

கணினி அறிவியலாளர் மெல்வின் கான்வே 1968-ல் எழுதியதையும் இங்கே சேர்த்துப் படிக்கலாம்: ஒரு நிறுவனம் வடிவமைக்கும் சிஸ்டம் அந்த நிறுவனத்தின் தகவல் தொடர்பு அமைப்பை ஒத்தே இருக்கும். மூன்று துறைகள் பேசிக்கொள்ளாத நிறுவனத்தில் வாடிக்கையாளர் தன் முகவரியை மூன்று இடங்களில் மாற்ற வேண்டியிருப்பது தற்செயல் அல்ல.

தலைவருக்குக் கோடிங் தெரிந்திருக்க வேண்டுமா?

தினமும் எழுதத் தேவையில்லை. ஆனால் 'எல்லாம் பச்சை நிறத்தில் இருக்கிறது' என்று டேஷ்போர்டு காட்டும்போது, எந்தச் சோதனையை எங்கே செய்தீர்கள் என்று கேட்கத் தெரிய வேண்டும். அடுத்த கேள்விக்கான பதிலைப் படித்தால் ஏன் என்று புரியும்.

பழைய சிஸ்டத்திலிருந்து புதியதுக்கு ஒரே வார இறுதியில் மாறிவிடலாமா?

மாறலாம். ஆனால் எது பலித்தால் அது சாத்தியம் என்பதைத் தெரிந்துகொண்டு மாறுங்கள்.

பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் இதைச் செய்தது. முந்தைய உரிமையாளரான லாயிட்ஸின் சிஸ்டத்திலிருந்து, புதிய உரிமையாளரான ஸ்பெயினின் சபாடெல் வங்கிக் குழுமம் உருவாக்கிய தளத்துக்கு, ஏறத்தாழ 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகள் ஒரே வார இறுதியில் நகர்த்தப்பட்டன. தரவு சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது, தளம்தான் தாங்கவில்லை. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். எல்லாம் முழுதாகச் சீராக அந்த ஆண்டின் டிசம்பர் வரை ஆனது. சி.இ.ஓ. செப்டம்பரிலேயே பதவி விலகிவிட்டார்.

பிறகு வந்த சுயேச்சை விசாரணை அறிக்கையில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, இரண்டு டேட்டா சென்டர்களில் ஒன்றில் மட்டுமே சுமைச் சோதனை (ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தினால் தாங்குமா என்ற சோதனை) நடந்திருந்தது. இரண்டாவது, முடிவுத் தேதியை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்பப் பின்னோக்கித் திட்டம் போட்டிருந்தார்கள். இந்த இரண்டாவது பழக்கம் பெரிய நிறுவனங்களில் அநேகமாக எல்லா இடத்திலும் உண்டு. தேதியை மேலே அறிவித்துவிட்டால், கீழே இருப்பவர்களுக்குச் சோதனை நாட்களைக் குறைப்பதைத் தவிர வேறு வழி தெரியாது.

2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. 2023-ல் அப்போதைய சி.ஐ.ஓ.வுக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம் வந்தது. சேவை தரும் நிறுவனம் உண்மையிலேயே தயாராக இருக்கிறதா என்று உறுதிசெய்ய அவர் நியாயமான நடவடிக்கைகளை எடுக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. வெண்டர் 'ரெடி' என்று மெயில் அனுப்பினார் என்பது இனி யாரையும் காப்பாற்றாது.

மாற்று வழி மெதுவானது. நெட்ஃபிளிக்ஸில் 2008 ஆகஸ்டில் டேட்டாபேஸ் பழுதாகி மூன்று நாட்கள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடி அனுப்ப முடியாமல் போனது. அதன் பிறகு கிளவுடுக்கு மாற முடிவெடுத்து, கடைசித் துண்டையும் நகர்த்தி முடித்தது 2016 ஜனவரியில். ஏழு ஆண்டுகளுக்கு மேல். பழையதை அப்படியே தூக்கி வைக்காமல், ஒவ்வொரு பகுதியாகப் புதிதாக எழுதி, அது ஓட ஆரம்பித்ததும் பழைய பகுதியை அணைத்தார்கள். மென்பொருள் வல்லுநர் மார்ட்டின் ஃபௌலர் 2004-ல் இந்த முறைக்கு, மரத்தைச் சுற்றி வளர்ந்து கடைசியில் அதன் இடத்தையே பிடித்துக்கொள்ளும் அத்தி இனத்தின் பெயரை வைத்தார்.

இதில் ஒரு வலை இருக்கிறது. மெதுவாகப் போகும் முறையில் பழையதை அணைக்கும் நாள் தள்ளித் தள்ளிப் போகும். இரண்டும் சேர்ந்தே ஓடும், செலவும் இரண்டு மடங்காகும். நெட்ஃபிளிக்ஸ் செய்ததில் கடினமான பாகம் கடைசி டேட்டா சென்டரை மூடியது என்றே நான் நினைக்கிறேன்.

பழைய சிஸ்டம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? ஏன் தொட வேண்டும்?

சாதாரண நாளில் ஓடுவதைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 2022 டிசம்பரில் பனிப்புயலில் சிக்கியது. மற்ற விமான நிறுவனங்கள் சில நாட்களில் மீண்டன. சவுத்வெஸ்டில் விமானி எங்கே இருக்கிறார், பணிப்பெண் எங்கே இருக்கிறார் என்பதே நிறுவனத்துக்குத் தெரியாமல் போனது. பணி ஒதுக்கும் மென்பொருளால் அத்தனை மாறுதல்களைச் சமாளிக்க முடியவில்லை. ஊழியர்கள் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல மணிக்கணக்கில் போனில் காத்திருந்தார்கள். சுமார் 16,900 விமானங்கள் ரத்தாகி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். ஓராண்டு கழித்து அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டில் அபராதம் 14 கோடி டாலர். இந்தச் சிஸ்டம் பழசாகிவிட்டது என்று தொழிற்சங்கங்கள் முன்பே சொல்லிக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓடாத பழசும் ஆபத்துதான். நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 2012 ஜூலை இறுதியில் புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் ஏற்றியது. ஆகஸ்ட் 1 அன்று எட்டாவதில், பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த ஒரு பழைய நிரல் உயிர்பெற்றுப் பங்குகளை வாங்கித் தள்ள ஆரம்பித்தது. சுமார் 45 நிமிடங்களில் நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். சந்தை திறப்பதற்கு முன்பே இதைக் குறிப்பிட்டு 97 தானியங்கி மெயில்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. அவற்றை யாரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. நீக்க வேண்டிய நிரலை நீக்காமல் விட்டதற்கு இவ்வளவு விலை.

அப்படியானால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? வேண்டாம். அதிகம் மாறாத, யாருக்கும் தடையாக இல்லாத, உள்ளே என்ன இருக்கிறது என்று புரிந்த ஆட்கள் இன்னும் வேலையில் இருக்கிற சிஸ்டத்தை விட்டுவிடலாம். அந்த மூன்றாவது நிபந்தனையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

ரெடிமேட் மென்பொருளை வாங்கி நம் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாமே?

ஜெர்மனியின் லிடில் சங்கிலிக் கடை நிறுவனம் அதைத்தான் முயன்றது. எஸ்ஏபி என்ற ரெடிமேட் நிர்வாக மென்பொருளை வைத்து 2011-ல் தொடங்கிய திட்டத்தை 2018-ல் கைவிட்டது. அதற்குள் சுமார் 50 கோடி யூரோ செலவாகியிருந்ததாகச் செய்திகள் வந்தன. பிரச்சினைகளில் ஒன்று கேட்பதற்கு மிகச் சிறியது: லிடில் சரக்கின் மதிப்பைக் கொள்முதல் விலையில் கணக்கிடும், மென்பொருளோ விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டது. நிறுவனம் தன் வழக்கத்தை விடவில்லை, மென்பொருளை வளைத்தது. ஒரு இடத்தில் வளைத்தால் பத்து இடத்தில் அதன் இழுப்பு தெரியும்.

என் கருத்து: உங்களைப் போட்டியாளரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் வேலைக்கு மென்பொருளை நீங்களே எழுதுங்கள். சம்பளம், கணக்கு, கொள்முதல் போன்றவற்றுக்கு வாங்கிய மென்பொருள் சொல்கிறபடி உங்கள் வழக்கத்தை மாற்றுங்கள். 'நாங்கள் தனி ரகம்' என்று எல்லாத் துறைகளும் சொல்லும். எவை உண்மையில் தனி ரகம் என்று முடிவெடுப்பதும், மற்றவர்களுக்கு முடியாது என்று சொல்வதும் சி.இ.ஓ.வின் வேலை. அதை சி.ஐ.ஓ.விடம் தள்ளிவிட்டால் அவரால் தாக்குப்பிடிக்க முடியாது.

டேட்டாவைப் பிறகு சரிசெய்துகொள்ளலாமா?

கூடாது. அமெரிக்கச் சங்கிலிக் கடை நிறுவனமான டார்கெட் 2013-ல் கனடாவில் கால் பதித்து, 2015-ல் 133 கடைகளையும் மூடும் முடிவை அறிவித்தது. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, புதிய சிஸ்டத்தில் அவசரமாக ஏற்றப்பட்ட பொருள் விவரங்கள். சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலம், நீளம் இருக்க வேண்டிய இடத்தில் அகலம். கிடங்கில் சரக்கு குவிந்து கிடக்க, கடை அலமாரி காலியாக இருந்தது.

தனியாக ஒரு டிஜிட்டல் பிரிவு தொடங்கினால் வேகமாகப் போகலாம் அல்லவா?

ஆரம்பத்தில் வேகம் கிடைக்கும். ஜெனரல் எலெக்ட்ரிக் 2015-ல் ஜிஇ டிஜிட்டலைத் தனிப் பிரிவாக்கியது. 2020-க்குள் உலகின் முதல் பத்து மென்பொருள் நிறுவனங்களில் ஒன்றாவது இலக்கு. அன்றைய சி.இ.ஓ. ஜெஃப் இம்மெல்ட் 2017-ல் விலகினார், இலக்கு எட்டப்படவில்லை. தனி லாப நஷ்டக் கணக்கு உள்ள பிரிவுக்கு இந்தக் காலாண்டு வருமானம்தான் கண்ணில் படும், தாய் நிறுவனத்தின் வேலை முறையைப் பத்து ஆண்டில் மாற்றுவது படாது. இன்னொன்று, 'டிஜிட்டல் அவர்கள் வேலை' என்று மற்ற பிரிவுகள் கையைக் கட்டிக்கொள்ளும். ஒரு சோதனைக் குழுவாக, இரண்டு ஆண்டு ஆயுளோடு தொடங்கினால் தனிப் பிரிவு பயன்படும்.

நன்றாகச் செய்த பெரிய நிறுவனம் ஒன்றாவது இருக்கிறதா?

சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். 2009-ல் பியூஷ் குப்தா சி.இ.ஓ. ஆனார். வெளியாட்களிடம் கொடுத்திருந்த தொழில்நுட்ப வேலைகளில் பெரும்பகுதியை வங்கி தன் கைக்குள் திரும்பக் கொண்டுவந்தது. வணிகப் பிரிவுத் தலைவரும் தொழில்நுட்பத் தலைவரும் ஒரே இலக்குக்குச் சேர்ந்து பொறுப்பேற்கும்படி பிரிவுகளை அமைத்தது. 2016-ல் யூரோமணி இதழ் அதை உலகின் சிறந்த டிஜிட்டல் வங்கி என்றது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2023-ல் அதன் சேவைகள் பலமுறை முடங்கின. நவம்பர் முதல் ஆறு மாதங்களுக்கு அவசியமில்லாத தொழில்நுட்ப மாற்றங்களை நிறுத்திவைக்கச் சிங்கப்பூரின் மத்திய வங்கி உத்தரவிட்டது. குப்தாவின் அந்த ஆண்டுக்கான ஊக்கத்தொகை 30% குறைக்கப்பட்டது, ஏறத்தாழ 41 லட்சம் சிங்கப்பூர் டாலர். விருது வாங்கிய கதையைவிட இந்தப் பகுதிதான் எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. சிஸ்டம் விழுந்தால் ஒரு இளநிலைப் பொறியாளரின் மதிப்பீட்டில் கைவைக்கும் நிறுவனங்களே அதிகம்.

70% டிஜிட்டல் திட்டங்கள் தோற்கின்றன என்கிறார்களே?

அந்த எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். நிறுவன மாற்ற முயற்சிகள் பற்றிப் பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் அதே எண்ணை ஆராய்ந்த மார்க் ஹியூஸ், நம்பத்தகுந்த ஆதாரம் எதுவும் இல்லை என்று 2011-ல் எழுதினார். தோல்வி என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் இருக்கும்போது சதவீதம் எப்படி வரும்? ஆலோசனை நிறுவனங்களுக்கு அந்த எண் வசதியானது, அதனால் உயிரோடு இருக்கிறது.

ஊழியர்கள் எதிர்க்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் அவர்கள் சொல்வது சரியா என்று பாருங்கள். புதிய சிஸ்டத்தில் முன்பு மூன்று கிளிக்கில் முடிந்த வேலைக்குப் பதினொன்று தேவைப்பட்டால், அதை எதிர்ப்பு என்று எழுதி 'மாற்ற மேலாண்மை' வகுப்புக்கு அனுப்புவது அநியாயம். அப்புறம், எல்லா நிறுவனங்களிலும் ஒரு எக்செல் கோப்பு இருக்கும். அதிகாரபூர்வச் சிஸ்டத்தில் செய்ய முடியாததை ஒரு அனுபவசாலி ஊழியர் அதில் செய்துகொண்டிருப்பார். அதைத் தடை செய்வதற்கு முன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அரை நாள் பாருங்கள். உங்கள் தேவைப் பட்டியலில் விடுபட்டவை எல்லாம் அங்கே இருக்கும்.

வேலை போய்விடும் என்ற பயத்தால் வரும் எதிர்ப்பு வேறு. அதற்கு நேர்மையான பதில் மட்டுமே எடுபடும். வேலைகள் குறையும் என்றால் குறையும் என்று சொல்லுங்கள், எப்போது, யாருக்கு, என்ன இழப்பீடு என்பதோடு.

வெற்றியை எப்படி அளப்பது?

செயலியை எத்தனை பேர் தரவிறக்கினார்கள் என்பதை விட்டுவிடுங்கள். ஒரு சிறிய திருத்தம் கேட்ட நாளிலிருந்து அது வாடிக்கையாளரைச் சென்றடைய எத்தனை நாள்? புதிதாக ஏற்றியவற்றில் எத்தனை பழுதை உண்டாக்கின? பழுதானால் மீள எவ்வளவு நேரம்? இவற்றோடு, இந்த ஆண்டு எத்தனை பழைய சிஸ்டங்களின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது, எத்தனை உரிமங்களுக்குப் பணம் கட்டுவது நின்றது என்பதையும் போர்டு கேட்க வேண்டும். கடைசி இரண்டும் பல நிறுவனங்களில் பூஜ்யம்.

பட்ஜெட்டும் இதைச் சார்ந்ததுதான். ப்ராஜெக்ட் முடிந்ததும் குழுவைக் கலைத்துவிட்டால், மறுநாளிலிருந்து அந்தச் சிஸ்டம் அநாதை. நிரந்தரக் குழுவுக்கு ஆண்டுதோறும் பணம் கொடுத்து, அதனிடம் பலனைக் கேட்பது நல்லது.

ஏஐ வந்துவிட்டதே, இதெல்லாம் மாறிவிடாதா?

வேகம் மாறும். பொறுப்பு மாறாது. ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. அதன் சொற்களுக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்ற பாணியில் வாதம் வந்தபோது, கனடாவின் ஒரு தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்கவில்லை. இணையதளத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்றது. தொகை சிறியது, சுமார் 812 கனடிய டாலர். ஆனால் உங்கள் சாட்பாட் தரும் வாக்குறுதிக்கு எந்தத் துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.

புதிதாகப் பொறுப்பேற்ற தலைவர் எங்கே தொடங்கலாம்?

உத்தி அறிக்கையில் வேண்டாம். நிறுவனத்தில் ஓடும் எல்லாச் சிஸ்டங்களின் பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக ஆண்டுச் செலவு, பயன்படுத்துவோர், அதை நிறுத்த முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரின் பெயர். துறையின் பெயர் போதாது, ஆளின் பெயர் வேண்டும். பட்டியல் கிடைக்கவே சில வாரங்கள் ஆகும், அதில் கடைசிக் கட்டம் பல வரிசைகளில் காலியாக இருக்கும். அந்த வரிசைகளில் செலவு அதிகமானதை எடுத்துக்கொண்டு, அதைப் பயன்படுத்தும் துறையின் தலைவரோடு உட்காருங்கள்.